புற்றுக்குக் கட்டிய மஞ்சள் துணி

சங்கரன்கோவில்,
14-3-1984.

அன்பு மகள் ஆவுடையம்மாளுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி பரமசிவனும் அவன் பெண்டாட்டி முருகம்மாளும் கோமதியம்மன் கிருபையில் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், அங்கே பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் பேத்தியும் காய்ச்சல் தலைவலி என்று ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் எழுது. போன வாரம் உன் கடிதம் கிடைத்தது. இன்லண்டு லெட்டரில் அவ்வளவு இடம் கிடக்க நீ பாதியிலேயே கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டாய், மீதியை யாருக்கு மிச்சம் வைத்தாய் என்று தெரியவில்லை. இங்கே உன் கடிதம் வந்தால் நான் ஒரு தடவை படிப்பேன், அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு ஒரு தடவை படிப்பார், பிறகு நீ எழுதாமல் விட்டது என்னவாக இருக்கும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவோம், அந்தத் தொந்தரவைக் குறைக்கவாவது கொஞ்சம் நீளமாக எழுதக் கூடாதா. பேத்திக்கு இருமல் விட்டதா என்று ஒரு வரி இல்லை. துளசியும் மிளகும் தட்டிப் போட்டுக் காய்ச்சிக் கொடு, அந்த ஊர் டாக்டர் கொடுக்கிற சிவப்பு மருந்தையே நம்பிக்கொண்டு இராதே. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. முருகம்மாளுக்கு இது ஐந்தாம் மாசம், ஆடித் தபசுக்கு முன்னே பின்னே பிரசவம் இருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, கேட்டால் இல்லை என்பார், அதனால் நான் கேட்பதை விட்டுவிட்டு நேரே தைலத்தைத் தேய்த்துவிடுகிறேன்.

உறையைப் பிரித்ததும் கடிதத்துக்கு முன்னால் மடித்து வைத்த நீலக் காகிதம்தான் உன் கையில் தட்டுப்பட்டிருக்கும். ஆமாம் தாயி, வந்துவிட்டது. ராஜபாளையம் ரோட்டில் இருக்கிற நம் இரண்டு ஏக்கர் புஞ்சையை வீட்டு மனைகளாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று நகராட்சியில் சீல் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்குக் கம்பெனியில் வீட்டுக் கடன் முறை வந்திருக்கிறது, ஊரில் கட்டுவதென்றால் அப்ரூவல் வாங்கிய மனையாக இருக்க வேண்டும், மார்ச் முடிவதற்குள் பிளான் நகலைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிலாயிலேயே கூட வேலை பார்க்கிறவர் ஒருவர் வீட்டை விற்கிறார் அதை வாங்கிக்கொள்வோம் என்று நீ கார்த்திகையில் எழுதினாயே, அந்தக் கடிதத்தை அப்பா சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார், துணி துவைக்கும்போது நான்தான் எடுத்து வெளியே வைப்பேன். இப்போது கடைசிக் கடிதத்தில், அப்பாவை அலைய விட வேண்டாம், நாங்கள் இங்கேயே பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு வரி போட்டிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு அப்பா கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். அலைந்தது உண்மைதான், ஆனால் அவரை யாரும் அலைய விடவில்லை, அவராகத்தான் அலைந்தார். முதலில் அனுப்பிய பிளான் உன்னிடம் இருக்கும், அதைக் கிழித்துப் போட்டுவிடு. உனக்கென்று அப்பா சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாரே ஒரு மூலை மனை, அது இந்தப் பிளானில் இல்லை. ஏன் இல்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு காகிதம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இந்தப் பக்கத்தில் இப்போது எவரும் அப்ரூவல் என்று மெனக்கெடுவது கிடையாது. கயிறு பிடித்துக் கல் ஊன்றிச் சுண்ணாம்பு அடித்து விற்றுவிட்டுப் போய்விடுகிறார்கள், வாங்கினவன் பிறகு ரோடு எங்கே குழாய் எங்கே என்று தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான். அப்பாவிடமும் ஆளாளுக்கு வந்து உமக்கு எதுக்கு அண்ணாச்சி இந்த வேண்டாத வேலை என்று கேட்டார்கள். என் மகள் வந்து உட்காருகிற இடம், காகிதம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார், தாலுகா ஆபீசில் இவரைப் பார்த்ததும் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுகிற அளவுக்குப் பழக்கமாகிவிட்டது. பிளான் வரைந்து கொடுத்தது தாவூது, கழுகுமலை ரோட்டில் ஆபீஸ் வைத்திருக்கிற சர்வேயர், அப்பாவை அண்ணாச்சி என்றும் என்னை மதினி என்றும் கூப்பிட்டுக்கொண்டு அரை நாள் வேலைக்கு மூன்று தடவை காப்பி குடிப்பவர். மெயின் ரோட்டுப் பாலத்துக்கு எதிரே இருந்து நடுவாக முப்பதடி ரோடு, இரண்டு பக்கமும் மனைகள், ரோட்டு முகப்பில் மூலை மனை உனக்கு, உள்ளே கிணற்றுக்குப் பக்கத்து மனை பரமசிவனுக்கு, மற்றதெல்லாம் விற்க என்று போட்டார். மொத்த நிலத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக ஊருக்கு விட வேண்டும் என்பது சட்டம், அதை அப்பா சாமர்த்தியமாகப் பின்னால் ஓடைக்கரையில் தள்ளிவிட்டார், மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கிற இடம். மூலை மனையை உனக்கு வைத்ததற்கு அவர் சொன்ன காரணம் என்ன தெரியுமா, ராஜபாளையம் பஸ்ஸில் வந்தால் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே இறங்கிவிடலாமாம். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பதை அவர் மனதிலேயே பார்த்துவிட்டு அதற்குப் பரிகாரமும் செய்துவிட்டார்.

மனுவும் பிளானும் ஆபீசுக்குப் போன பிறகுதான் தாவூது ஆளை வைத்து நிலத்தில் முளைக்குச்சி அடித்தார். அப்போதுதான் தெரிந்தது, ரோடு போகிற வரிசையில், முகப்பிலிருந்து கொஞ்ச தூரத்தில், வேப்ப மரத்தடியில் இருக்கிறதே புற்று, அது சரியாக ரோட்டின் நடுவில் வருகிறது. உனக்கே தெரியும் நம் ஊர் சங்கதி. கோயிலில் புற்று மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு வளர்ந்த ஊரில் எவன் புற்றில் கடப்பாரையைப் போடுவான். அப்பா ஆள் கூப்பிட்டார், ஒருத்தனுக்கு இடுப்புப் பிடிப்பு, ஒருத்தனுக்கு மச்சினன் வீட்டு விசேஷம். தாவூதிடம் நீரே ஒரு ஆளைப் பிடித்துத் தாரும் என்றதற்கு அவர், நான் தொழுகிற பள்ளி வேற, ஆனா பொறந்தது இந்த ஊருதானே அண்ணாச்சி, அத மட்டும் எங்கிட்டச் சொல்லாதிய என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். ரோட்டைத் தள்ளிப் போட்டால் உன் மூலை மனை போய்விடும் என்று அப்பாவுக்கு அதில் மனசில்லை. பார்த்துக்கலாம் பார்த்துக்கலாம் என்றே மார்கழி போனது.

மார்கழிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் காப்பிக்குப் பால் குறைந்தது, பசுதான் அப்போது சினையாக இருந்ததே, பால்காரியிடம் வாங்கின பால்தான், அளந்து ஊற்றினவள் மேல் எனக்குக் கோபம். அன்று அப்பா விரல் நகமெல்லாம் மஞ்சளாக இருந்தது, கேட்டதற்குக் கடையில் மஞ்சள் மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன் என்றார், எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. மறுநாள் நம் தரிசில் ஆட்டுக்கிடை போட்டிருக்கிற உச்சிமாகாளி மூச்சு வாங்க ஓடிவந்து, புற்றுக்கு மஞ்சள் துணி கட்டிப் பால் ஊற்றியிருக்கிறது, யார் கட்டினார்கள் என்று தெரியவில்லை, அம்மன் தானாக வந்து இறங்கிவிட்டாள் என்றான். அப்பா போய் ஆட்டைப் பாருலே என்று அவனை விரட்டினார். விரட்டினால் நிற்கிற விஷயமா அது. செவ்வாய்க்கிழமை ஏழெட்டுப் பெண்கள் முட்டையும் பாலுமாக வந்தார்கள், அடுத்த வெள்ளிக்கு ஒரு கூட்டமே வந்தது, பொங்கலுக்குள் யாரோ தென்னங்கிடுகுப் பந்தல் போட்டார்கள், ஒருவர் வெண்கல மணி வாங்கிக் கட்டினார், தை பிறந்ததும் ஒரு தகர உண்டியல் கூட வந்து உட்கார்ந்துவிட்டது. புளியங்குடியிலிருந்து எலுமிச்சை வியாபாரி ஒருவர் மாலை கோத்துக் கொண்டுவந்து போட்டார். நானும் போனேன், மறைப்பானேன், நம் நிலத்தில் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது, உன் பேரைச் சொல்லி ஒரு சொம்புப் பால் ஊற்றிவிட்டு வந்தேன். அப்பா மட்டும் அந்தத் திசைக்கே வரவில்லை, மணிச் சத்தம் காற்றில் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

தை மாசம் நடுவில் நிலத்தைப் பார்வையிட ஆபீசிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். இளவயதுக்காரர், மதுரைப் பக்கம், மரியாதையான பிள்ளை. தாவூது பிளானை விரித்துப் பிடிக்க அப்பா முன்னால் நடக்க நானும் பரமசிவனும் மோர்ச் செம்போடு பின்னால் போனோம். பாலத்துக்கு எதிரே வந்ததும் பந்தலைப் பார்த்துவிட்டு அவர் நின்றார், செருப்பைக் கழற்றினார், புற்றைச் சுற்றி வந்து கும்பிட்டார், மஞ்சளை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார், உண்டியலில் காசு கூடப் போட்டார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது, அம்மனே நேரில் வந்து கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, ஃபைலைத் திறந்து, நிலத்தில் பொதுமக்கள் வந்து கும்பிடுகிற வழிபாட்டு இடம் இருக்கிறது, பிளானில் அதைக் காட்டவில்லை, அந்த இடத்தை ரோடு என்று காட்டியிருக்கிறது என்று எழுதிக்கொண்டார். எழுதியதை அப்பாவுக்குப் படித்தும் காட்டினார். இப்படியே மேலே அனுப்பினால் திரும்பித்தான் வரும், நீங்களே பிளானைத் திருத்திக் கொடுங்கள் ஐயா என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, மோரைக் குடித்துவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, கண்ணால் பார்த்ததைத்தானே எழுதினார்.

அவர் போனதும் அப்பா அப்படியே கிணற்றுமேட்டில் உட்கார்ந்துவிட்டார். எந்தப் படுபாவி அந்தத் துணியைக் கட்டினானோ அவன் கையில் என்று நான் ஆரம்பித்தேன், முடிக்கவில்லை, அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான்தாம்ட்டி கட்டுனேன். ஆவுடைக்கு வீடு கட்டணும், நீ வேற எடம் பாத்துப் போயிரு தாயின்னு கேட்டுத்தான் கட்டுனேன். போகச் சொல்லித்தாம்ட்டி கட்டுனேன்" என்றார். இந்த ஊர்ப் பெரியவர்கள் அப்படிச் செய்வது உண்டு, மஞ்சள் துணி கட்டிப் பால் ஊற்றிக் கேட்டுவிட்டுக் காத்திருப்பார்கள், புற்றில் புது மண் ஏறாவிட்டால் அம்மன் உத்தரவு கிடைத்தது என்று அர்த்தம், பிறகு எடுக்கலாம். என்னை வெள்ளிக்கிழமை தோறும் கோபுரம் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருக்கிற மனுஷன், சாமிக்கும் சர்க்கார் ஆபீசுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னிடம் நியாயம் பேசுகிற மனுஷன், என் கண்ணில் படாமல் என் மஞ்சளையும் என் பாலையும் எடுத்துக்கொண்டு போய் உனக்காகப் புற்றிடம் கைகட்டி நின்றிருக்கிறார். காலி செய்யச் சொல்லிக் கட்டின துணி கோயிலையே குடியேற்றிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்தேன், முடியவில்லை, பரமசிவன் கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் அப்பா முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்த நாள் வேறு ஒன்று இருக்கும் என்று தோன்றவில்லை. எழுந்திருங்க, வீட்டுக்குப் போய் சாப்பிடுவோம் என்று கூட்டிக்கொண்டு வந்தேன்.

தாவூது இரண்டாவது பிளான் போட்டுக் கொண்டுவந்தார். புற்று இருக்கிற இடத்தைச் சுற்றியே பொது இடத்தை வைத்துவிட வேண்டும், அங்கே யாரும் எதுவும் கட்ட முடியாது, புற்றுக்கும் பங்கமில்லை, ரோட்டைக் கொஞ்சம் ஒதுக்கிப் போட்டால் போதும், இப்படித் திருத்தினால் பாஸ் ஆகிவிடும் என்று இன்ஸ்பெக்டரும் சொன்னாராம். எல்லாம் சரி, அந்தப் பொது இடத்துக்குள் உன் மூலை மனை முழுவதும் போய்விட்டது. பழைய பொது இடம் மனையாக மாறி, உன் பேருக்கு ஓடைக்கரைதான் மிச்சம். விற்பனைக்கு வைத்திருந்த நல்ல மனைகளுக்கு எல்லாம் அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது, அப்பா வாக்குத் தவற மாட்டார். என் மகளை ஓடைக்கரையில் வைப்பதற்கு எனக்கு இந்த அப்ரூவலே வேண்டாம், மனுவைத் திருப்பி வாங்கிவிடுகிறேன், அடுத்த வருஷமே சோளம் விதைத்துவிடுகிறேன் என்று பிளானைச் சுருட்டி பீரோ மேல் போட்டுவிட்டார். மார்ச்சு நெருங்குகிறது, நீ எழுதின தேதி எனக்கு மனப்பாடம், ஆனால் அவரிடம் யார் பேசுவது. வீட்டில் ஒருத்தருக்கொருத்தர் முகம் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு மத்தியானம் முருகம்மாள் அப்பாவுக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள். "மாமா, கெணத்துப் பக்கத்து மனைய மதினிக்குப் போட்டுருங்க. நாங்க எப்பவும் இங்கன கெடக்கவங்கதானே, ஓடையில தண்ணி வந்தா மண்ணடிச்சு மேடாக்கிக்கிடுதோம். மதினி அவ்வளவு தூரத்துல இருந்து வாரவுக, அவுகளுக்கு நல்ல எடமா இருக்கட்டும்." பரமசிவன் சோற்றைப் பிசைந்துகொண்டே அவ சொல்லுததுதான் எனக்கும் என்றான். அவள் வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு பேசுகிறாள், அந்தப் பிள்ளை தவழப் போகிற இடத்தைத்தான் எடுத்து உனக்குக் கொடுக்கிறாள். முருகம்மாளைப் பற்றி, உப்புப் போடத் தெரியாது, காலையில் எழுந்திருக்க மாட்டாள், பதிலுக்குப் பதில் பேசுவாள் என்று உனக்கு நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உப்பு விஷயம் அப்படியே இருக்கட்டும். அப்பா அந்த ரசத்தை முழுவதும் குடித்துவிட்டு, கை கழுவிவிட்டு, பீரோ மேலிருந்து பிளானை எடுத்தார்.

அதற்குப் பிறகும் ஒரு இழுபறி. பொது இடம் நகராட்சிக்குப் போனால் புற்றை எடுத்துவிடுவார்கள் என்று கிளப்பிவிட்டு, வெள்ளிக்கிழமை வருகிற பெண்கள் எல்லாம் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள், அவர்களுக்கு முன்னால் உச்சிமாகாளி கம்பை ஊன்றிக்கொண்டு நின்றான். அப்பா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, பிளானில் புற்றைத் தொட்டுக் காட்டி, இதைச் சுற்றி இனி எவனும் ஒரு செங்கல் வைக்க முடியாது, நானே நினைத்தாலும் முடியாது, ஆனால் பந்தலும் உண்டியலும் இருந்தால் கட்டடம் என்று எழுதிவிடுவார்கள், அதைப் பிரித்துவிட வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். உச்சிமாகாளி கம்பைக் கீழே போட்டுவிட்டு, புத்துக்கு எதுக்கு அண்ணாச்சி பந்தலு, அது மழையில நனைஞ்சு வளருதது தானே என்று சொல்லி அவனே ஏறிப் பிரித்துப் போட்டான். உண்டியல் காசு கோயிலுக்குப் போய்விட்டது, மணியை மட்டும் மரத்தில் கட்டியிருக்கிறார்கள். ரோட்டையும் பொது இடத்தையும் நகராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்கிற அன்று சப்ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு நானும் போனேன். உழுது பருத்தி எடுத்த நிலத்தில் சொல்லிக்கொள்ளும்படியாக ஒரு பங்கு, ஊருக்குச் சும்மா கொடுப்பது. முழு மனசோடுதானா என்று அதிகாரி அப்பாவிடம் கேட்டார். மகள் வீட்டுக்குப் போகிற பாதையைத்தானே கொடுக்கிறேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். போன திங்கட்கிழமை திருத்தின பிளான் சீலோடு கைக்கு வந்தது, நகல் எடுத்த அமோனியா வாடை அடிக்கிற அந்தக் காகிதத்தை அப்பா முதலில் முருகம்மாளிடம்தான் கொடுத்தார். உன் மனை நம்பரைச் சுற்றி இந்தத் தடவை சிவப்பு வட்டம் போட்டது அவள் கை. கிழக்குப் பார்த்த மனை, வடக்கே பொது இடம், அந்தப் பக்கம் காலத்துக்கும் காற்று அடைபடாது. வாசலில் வந்து பஸ் நிற்காதுதான், கொஞ்சம் நடக்க வேண்டும், பரமசிவன் வந்து பெட்டியைத் தூக்கிக்கொள்வான்.

பிளானை மடித்த மடிப்பில் தேய்ந்துவிடாமல் பத்திரமாகப் பிரி. ஆபீசில் நகலைக் கொடுக்கச் சொல், அசலைக் கொடுத்துவிட வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல், அவர் தப்பாக நினைக்க மாட்டார். மேலத்தெரு பெத்துராஜ் லீவு முடிந்து அடுத்த வாரம் நாக்பூர் போகிறான், அவன் கையில் மிளகாய் வத்தலும் தோல் உளுந்தும் புளியும் கொடுத்துவிடுகிறேன், யாராவது அந்தப் பக்கம் போனால் வாங்கிக்கொள்ளுங்கள். பேரன் கணக்கில் முதல் மார்க் வாங்கினதை ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, ஆனால் அவனுக்கு நாலு வார்த்தை தமிழில் எழுதச் சொல்லிக் கொடு, தாத்தாவுக்கு ஹிந்தி எழுத்தைப் பார்த்தால் கோபம் வருகிறது. பேத்திக்கு எண்ணெய் தேய்த்துவிடு, தலையை ஈரத்தோடு வைக்காதே, நீயும் வேளாவேளைக்குச் சாப்பிடு, எல்லோருக்கும் போட்டுவிட்டு அடிச்சட்டியைச் சுரண்டித் தின்கிற பழக்கம் உனக்கு என்னிடமிருந்துதான் வந்தது, அதை விட்டுவிடு. மாப்பிள்ளையும் நீயும் நீடூழி காலம் ஒருவருக்கொருவர் துணையாக இருந்து, பிள்ளைகள் படித்துப் பெரியவர்களாகி, எந்தக் குறையும் அண்டாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். பிளான் கிடைத்ததும் ஒரு கார்டாவது போடு, அதுவரை இங்கே யாருக்கும் தூக்கம் இருக்காது.

கடிதம் எழுத உட்கார்ந்தபோதே அப்பா எனக்கு ஒரு சட்டம் போட்டார். பிளானை உள்ளே வை, கதையை வேண்டுமானால் எழுது, ஆனால் இங்கே வந்து கட்டுங்கள் என்று ஒரு வார்த்தை எழுதக் கூடாது, பிள்ளைகள் படிப்பு, மாப்பிள்ளை வேலை, அவர்களுக்கு எது தோதோ அதைச் செய்யட்டும், நாம் கேட்டால் அவள் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும் என்றார். நானும் சரி என்றேன். எழுதி முடித்ததும் படிக்கச் சொல்லிக் கேட்டார், புற்று வருகிற இடத்தில் மட்டும் இருமினார். ரிஜிஸ்தர் தபாலுக்கு ஸ்டாம்பு வாங்கக் கடைத்தெரு வரை போயிருக்கிறார், முழங்காலோடு மெதுவாகத்தான் வருவார்.

அவர் வருவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். வந்துவிடு தாயி. மாப்பிள்ளைக்கு வேலை முடிகிற வரைக்கும் அங்கே இரு, ஆனால் வீட்டை இங்கே கட்டு. உன்னைக் கட்டிக்கொடுத்து அனுப்பின நாளிலிருந்து எனக்கு வாய் நிறைய இருக்கிற வார்த்தை இது ஒன்றுதான், ஒரு கடிதத்திலும் எழுதினதில்லை. அப்பாவுக்கும் இதுதான் ஆசை, அவர் உன்னிடம் கேட்க மாட்டார், நான் கேட்கிறேன். வா.

உன்னைப் பெற்றவள்,
ஆறுமுகத்தாய்.